தோமாசி என்று ஒரு வால்வு

எமோசி ஸ்குருட்ரைவரைக் காதில் வைத்துவிட்டால் ஐஸ் கிடங்கில் யாரும் இருமக்கூடாது. முழ நீள ஸ்குருட்ரைவர் அது. நுனி வால்வின் மேல், மரப்பிடி காதோடு. கண்ணை மூடி, வாயைக் கொஞ்சமாகத் திறந்து, பாதிரியார் நீண்ட ஜெபத்தில் இறங்கிவிட்டது போல நிற்பார். வால்வுக்குள் புகுந்து போகிற சத்தம் இரும்பு வழியாக ஏறி அவர் காதுக்கு வரும். சரியாக இருந்தால் புருவம் இரண்டும் மேலே போகும். இந்தத் தீவு நகரமான சவுசவுவில் புருவம் தூக்கினால் ஆமாம் என்று பொருள். சரியில்லை என்றால் கண்ணைத் திறக்காமலே திட்ட ஆரம்பித்துவிடுவார்.

"ஏய் தோமாசி! சோம்பேறி! ஊரே எழுந்து வேலைக்குப் போயாச்சு, நீ இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கிறியா?"

தோமாசி என்பது வால்வின் பெயர். ஐஸ் மெஷினின் தகரக் கதவில் சாக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். அதே பெயரில் நிஜ மனிதர் ஒருவரும் ஊரில் இருக்கிறார். நம்பேலி கிராமத்துக்காரர், கோயில் பாட்டுக் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவர், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கி, ஆமென் சொல்லும் நேரத்துக்குத் தவறாமல் விழிப்பவர். எமோசியின் ஊர் வைதோலு. இரண்டு ஊருக்கும் பழங்காலத்தில் குலதெய்வம் ஒன்று, ஆகவே இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று தவுவூ. மாமன் மச்சான் கேலி மாதிரிதான், ஆனால் ஊரோடு ஊர். தவுவூவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவன் வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. வந்தால் இரண்டு ஊருக்கும் வெட்கக்கேடு.

எமோசி பழுது பார்க்கிற குளிரூட்டும் மெஷின்களின் வால்வுகளுக்கு எல்லாம் இப்படி நம்பேலி ஆட்களின் பெயர்தான். ஓட்டல் மதுக்கடையில் கட்டி ஐஸ் போடுகிற மெஷினில் இருப்பவன் ஒருவன், கறிக்கடை மெஷினில் இருப்பவள் ஒருத்தி. "கெட்ட வார்த்தை இல்லாம வால்வு வேலை செய்யாது. ஆனா யாரைத் திட்டுறது? என் ஊர்க்காரனைத் திட்டினா சண்டை. அந்நியனைத் திட்டினா போலீஸ். அதுக்குத்தான் கடவுள் நம்பேலியைப் படைச்சான்" என்பார்.

நிஜத் தோமாசிக்கு இதில் பெருமைதான். ஐஸ் பெட்டியோடு வரும்போதெல்லாம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"என் பேர்க்காரன் எப்படி இருக்கான்?"

"உன்னை மாதிரியேதான். தட்டி எழுப்பினாத்தான் எழுந்திரிக்கிறான்."

"எழுந்தா நல்லா வேலை செய்வானே!"

"அதைப் பார்க்கத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

எமோசிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோள் இரண்டும் ரக்பி ஆடிய காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. வயிறுதான் தனியாக முன்னேறிவிட்டது. வேலைச் சட்டையின் பையில் எப்போதும் நாலைந்து காந்தாரி மிளகாயும் ஒரு எலுமிச்சம்பழமும் இருக்கும். பழுது பார்த்து முடித்ததும் புதிதாக விழுகிற ஐஸில் ஒரு கை அள்ளி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயைக் கடித்துக்கொண்டு மெல்லுவார். அது ருசிக்காக அல்ல, சோதனை. காய்ந்த ஐஸ் பல்லில் கறுக்கென்று உடையும்; ஈர ஐஸ் நசுங்கும். மற்றபடி குளிர்ந்த எதையும் அவர் தொடமாட்டார். இங்கே வெயில் கொளுத்துகிற மாதமான டிசம்பரிலும் எலுமிச்சை இலை போட்ட சூடான தேநீர்தான். "குளிர் எனக்கு உத்தியோகம். அதை எதுக்கு வயித்துக்குள்ள விடணும்?" என்று கேட்பார்.

ஐஸ் மெஷினில் எது முக்கியம் என்று கேட்டால் யாரும் இரைச்சல் போடுகிற பெரிய மோட்டாரைத்தான் காட்டுவார்கள். எமோசி கைக்குள் அடங்குகிற அந்த வால்வைக் காட்டுவார். குளிரூட்டுகிற திரவத்தை எவ்வளவு உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது அதுதான். அதிகம் விட்டால் மெஷின் குடித்துத் திணறும். குறைத்துவிட்டால் பட்டினி கிடக்கும். வால்வுக்குத் தானாக எதுவும் தெரியாது. அதிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் கம்பிக்குழாய் ஓடி, நுனியில் விரல் அளவு குமிழில் முடியும். குளிர்ந்து திரும்பி வருகிற குழாயோடு அந்தக் குமிழைக் கட்டி வைத்திருப்பார்கள். குழாய் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்து வால்வுக்குக் கோள் சொல்வதுதான் அதன் வேலை. அறையின் வெக்கை பட்டால் தப்பாகச் சொல்லிவிடும் என்பதால், பச்சைக் குழந்தைக்குக் குல்லா போடுவது போல அதைச் சுற்றிப் பொதிந்து வைக்க வேண்டும்.

இங்கேதான் எமோசியின் கோணங்கித்தனம் வருகிறது. பொதிவதற்குக் கறுப்பு ஸ்பாஞ்சு கிடைக்கும். அவர் அதை வைக்கமாட்டார்.

"ஸ்பாஞ்சை எலி தின்னுடுது. வைதோலு ஜெர்சியை எந்த எலி தொடும்? பயந்து ஓடிடாது?"

மீன்துறை ஐஸ் கிடங்கில் இருக்கிற தோமாசி மெஷினின் குமிழுக்கு அவர் சுற்றியிருந்தது, தான் ஆடிய காலத்து ஏழாம் எண் ஜெர்சி. சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட தடித்த துணி. நாலு மடிப்பாக மடித்து இறுக்கிக் கட்டியிருந்தார். கட்டியதோடு விட்டாரா? துணியின் நுனியை ஒரு சாண் நீளத்துக்குத் தகரத்தின் இடுக்கு வழியாக வெளியே தொங்கவிட்டிருந்தார். அதுவும் எந்தப் பக்கம்? நம்பேலிக்காரர்கள் ஐஸ் பெட்டியோடு வரிசையில் நிற்கிற ஜன்னல் பக்கம். ஐஸ் வாங்குகிறவன் ஒவ்வொருவனும் வைதோலுவின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வாலை ஆட்டிக்கொண்டிருந்தால் யாராவது பிடித்து இழுக்கத்தான் செய்வார்கள் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் ஈர ஐஸ் கக்க ஆரம்பித்தது. ஜக்தேவ் அலறியடித்து ஆள் அனுப்பினார். ஜக்தேவ் ஐஸ் கிடங்கின் பொறுப்பாளர், எல்லோரையும் அண்ணன் என்ற பொருளில் 'பாய்' என்று கூப்பிடுகிறவர். ஒரு கரண்டி ஐஸ் தரையில் சிந்தினாலும் மூன்று நாள் அதைப் பற்றியே பேசுகிறவர்.

"எமோசி பாய், ஐஸா இது? கஞ்சி! பெட்டியில போட்டா போட் துறையைத் தாண்டுறதுக்குள்ள தண்ணியாயிடும்."

எமோசி பின்கதவு வழியாக வந்து ஸ்குருட்ரைவரைக் காதில் வைத்தார். மோட்டாரை நோக்கிப் போகிற குழாய் முழுவதும் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்ததைத் தடவிப் பார்த்தார். வால்வு தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. உடனே ஜன்னல் பக்கம் திரும்பி, வரிசைக்குக் கேட்கும்படி தீர்ப்பு சொன்னார்.

"தோமாசி தூங்கிட்டான்! வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறான். நம்பேலிக்காரன் தென்னை மரத்துல ஏறுவான், ஆனா காய் தானா விழுற வரைக்கும் மேலயே தூங்குவான்னு சும்மாவா சொன்னாங்க?"

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் கெலேரா. நிஜத் தோமாசியின் அண்ணன் மகள். சொந்தமாகப் போட் வைத்து ஓட்டுகிறவர். பேச்சில் அவரை மடக்கியவர் நம்பேலியிலேயே கிடையாது. அன்றைக்கும் சும்மா விடவில்லை.

"வைதோலுக்காரங்க நண்டு பிடிக்கப் போயி, நண்டுகிட்டயே வழி கேட்டுத் திரும்பி வந்தவங்க. நீ எங்க சித்தப்பாவைச் சொல்றியா? சீக்கிரம் சரி பண்ணுய்யா தவுவூ."

எல்லோரும் சிரித்தார்கள். கெலேரா மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"விளையாட்டு இல்ல எமோசி. சனிக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க லவு தீவுலேர்ந்து கப்பல்ல வர்றாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் நான் கடலுக்குப் போயே ஆகணும். ரெண்டு ராத்திரி பிடிக்கிற மீனை வச்சிருக்க ஐஸ் வேணும். ஐஸ் இல்லேன்னா அவங்க முன்னாடி டின் மீனைப் பிரிச்சு வைக்கச் சொல்றியா?"

கடலில் பிறந்து வளர்ந்த சம்பந்திகளுக்குக் கல்யாணப் பந்தியில் டின் மீன்! வரிசையே 'உச்' கொட்டியது. அப்படி ஒன்று நடந்தால் கெலேராவின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் 'டின் மீன் கல்யாணம்' என்றே பேசுவார்கள்.

"வியாழக்கிழமை உன் போட்ல காய்ஞ்ச ஐஸ் ஏறும். தோமாசியைக் கழட்டி, முதுகுல ரெண்டு வச்சு மாட்டிடுறேன், போ" என்றார் எமோசி.

புதன்கிழமை முழுவதும் தோமாசிக்கு முதுகில் விழுந்துகொண்டே இருந்தது. குழாயிலிருந்த வாயுவை எல்லாம் சிலிண்டருக்குள் இறக்கி, வால்வின் தலையைக் கம்பிக்குழாயோடு அங்கேயே விட்டு, உடலை மட்டும் கழற்றிப் பிரித்து, வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தார். வடிகட்டிச் சல்லடையில் ஒரு தூசி இல்லை. உள்ளே அடைக்கிற ஊசியைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அது உட்காருகிற இடமும் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போதே அவர் மனதுக்குத் தெரிந்துவிட்டது, இவன் மேல் குற்றம் இல்லை என்று. ஆனால் ஊர் வரிசை முன்னால் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டதே! சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வெட்கப்பட்டு, இல்லாத அழுக்கை இன்னொரு முறை கழுவினார்.

மாட்டி ஓடவிட்டால் மறுபடியும் கஞ்சிதான்.

வியாழக்கிழமை காலையில் இன்னொரு தரம் கழற்றினார். திட்டிக்கொண்டேதான் வேலை நடந்தது. ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. ஜக்தேவ் பக்கத்தில் வந்து நின்று தரையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்.

"பாய், வேற வால்வு போட்டுப் பார்த்தா?"

"தலைநகரம் சுவாலேர்ந்து கப்பல்ல வரணும். நாளைக்கு வரும்."

"போட் இன்னைக்கில்ல போகணும்."

"அது எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தார் எமோசி. ஜக்தேவ் பயந்தே போனார். எமோசி எரிந்து விழுந்து அவர் பார்த்ததே இல்லை.

மத்தியானம் ஜன்னல் பக்கம் யாரோ ஒரு நம்பேலி வாலிபன், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனான். எமோசி இன்னும் கீழே குனிந்து ஊசியைத் துடைத்தார். தவுவூவின் கேலியைவிட ஒரு வைதோலுக்காரனுக்கு வேலை பெரிதாகிப்போனது சவுசவுவில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூன்று மணிக்குக் கெலேரா துறையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார். "யோவ் தவுவூ! வந்து டீயாவது குடிச்சிட்டுப் போ. பட்டினி கிடந்து எங்க சித்தப்பாவைக் கொன்னுடாதே."

எமோசி போனார். போட்டில் வலை மடித்துத் தயாராக இருந்தது. மீன் பெட்டிகள் மூடி திறந்து, காலியாக, ஐஸுக்கு வாய் பார்த்துக்கொண்டிருந்தன. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போட்டில் கால் வைத்தார். வழுக்காமல் இருக்கப் போட்டிருந்த துணியில் பாதத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்துவிட்டுக் கீழே பார்த்தார்.

சிவப்பும் பச்சையும். மீன் செதில் ஒட்டி, ரத்தக்கறை படிந்து, நடுவில் வெள்ளையாக ஏழு.

கெலேரா இதற்காகத்தான் காத்திருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எப்படி? வைதோலு ஜெர்சி கால் துடைக்க எவ்வளவு வாகா இருக்கு பார்த்தியா! திங்கக்கிழமை ஐஸ் வாங்க வந்தேன். உன் மெஷினுக்கு வால் தொங்கிச்சு. இழுத்தேன். முழுசா வந்துடுச்சு!"

எமோசியும் சிரித்தார். தவுவூ முறைப்படி சிரிக்கத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு பாதியில் நின்றது.

"எப்போ இழுத்தே?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையா?"

"ஏன்யா, திங்கக்கிழமை இழுக்கக்கூடாதா?"

கெலேரா நீட்டிய தேநீரை வாங்கிக்கொண்டு எமோசி உட்கார்ந்தார். அவர் வேலை செய்வது எப்போதும் பின்பக்கம். வால் தொங்கியது ஜன்னல் பக்கம். தன் கையால் கட்டிய கட்டுத்தானே என்று மூன்று நாளாக அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. குல்லா போன குமிழ், அறை வெக்கையைக் குடித்துவிட்டு, 'குழாய் சுடுகிறது, இன்னும் விடு, இன்னும் விடு' என்று வால்வுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பாவம் வால்வு, சொன்னதைச் செய்திருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மெதுவாக விஷயத்தைச் சொன்னார். கெலேராவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கால் துடைக்கிற துணியைப் பார்த்தார், காலிப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ எமோசி! என் பொண்ணு கல்யாணத்து மீனை நானே பிடுங்கி எறிஞ்சுட்டேனா?"

வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு வைதோலுக்காரனுக்கு இப்படி ஒரு சரக்கு கிடைக்காது. இதை வைத்தே நம்பேலியைப் பத்து வருஷம் ஓட்டலாம். கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று சொன்னால் சம்பந்திகள் லவு வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள். எமோசியின் வாய் தானாகத் திறந்ததும் உண்மை. ஆனால் கெலேராவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார். திறந்த வாயில் தேநீரை ஊற்றிக்கொண்டார்.

"காய்ஞ்ச துணி ஏதாவது இருக்கா? தடியா, நீளமா" என்று மட்டும் கேட்டார்.

கெலேரா பையைக் கவிழ்த்தார். அதில் இருந்த துணி ஒன்றே ஒன்றுதான். இங்கே கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எல்லோரும் ஒரே துணியில் தைத்து உடுத்துவார்கள்; அந்தத் துணியில் மிச்சம். நீலத்தில் மஞ்சள் பூ. நீலமும் மஞ்சளும் நம்பேலியின் நிறம். அந்த நிறத்தில் ஒரு கைக்குட்டையைக்கூடத் தன் மெஷின் அறைக்குள் விட்டதில்லை எமோசி. வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்.

குமிழைத் துடைத்து, குழாயோடு படிய வைத்து, நீலத் துணியை மடித்து மடித்துச் சுற்றி, இறுக்கிக் கட்டினார். நுனியைக் கவனமாக உள்ளே செருகினார். பிறகு ஸ்குருட்ரைவரைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். திட்டவில்லை. ஜக்தேவ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். கெலேரா வாசலில் நின்று உதடசைய ஜெபம் செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக மோட்டார் பக்கத்துக் குழாயிலிருந்து வெள்ளைப் பனி பின்வாங்கியது. கடைசியில் எமோசியின் புருவம் இரண்டும் மேலே போயின.

சற்று நேரத்தில் ஐஸ் சலசலவென்று விழுந்தது. அவர் ஒரு கை அள்ளி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயைக் கடித்து மென்றார். ஜன்னல் வரிசைக்கே கேட்டது கறுக்கென்று.

அப்புறம் ஒரே கூச்சல். ஜக்தேவ் கரண்டியை எடுத்துக்கொண்டு, சிந்துவதைக்கூடப் பார்க்காமல் அள்ளிப் போட்டார். கெலேராவின் பெட்டிகள் ஒவ்வொன்றாக நிரம்பிப் போட்டுக்குப் போயின. உள்ளே எட்டிப் பார்த்த ஒருத்தி, "அடே, மெஷினும் கல்யாணத் துணி கட்டியிருக்கு! பெண் வீட்டுக்காரன் ஆயிட்டான்!" என்று கத்தினாள். சிரிப்பு அடங்குவதற்குள் நிஜத் தோமாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். மூன்று நாளாகத் தன் பெயரில் கெட்டதெல்லாம் கேட்டுக்கேட்டு அவருக்கே லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"ஏன்யா எமோசி, என் பேர்க்காரன் மேல என்னதான் தப்பு?"

"அவன் மேல தப்பே இல்ல."

"பின்னே யார் மேல?"

வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. கடைசிப் பெட்டியைத் தூக்கப் போன கெலேரா அப்படியே நின்றுவிட்டார். தலை குனிந்திருந்தது.

எமோசி யாரையும் பார்க்கவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, தகரக் கதவில் இருந்த 'தோமாசி'யை ஓர் எழுத்து விடாமல் அழித்தார். பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். அதே இடத்தில், அதே அளவு பெரிய எழுத்தில், 'எமோசி' என்று எழுதினார்.